15 வாட் ட்யூப் ஆம்ப், வீட்டில் வாசித்தால் தகர டப்பா சத்தம்: எந்த நாபை எங்கே வைப்பது?

மாடிவீடு
செவ்வாய், இரவு 11:40

வணக்கம். நான்கு வருடமாக ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பிலும் போனில் இருக்கும் ஆப்பிலும் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு ட்யூப் ஆம்ப் கிடைத்தது. 15 வாட், ஸ்பீக்கரைத் தள்ளுகிற பவர் பகுதியில் இரண்டு இஎல்84 ட்யூப், அதற்கு முன்னால் சிக்னலை ஏற்றுகிற ப்ரீஆம்பில் மூன்று 12ஏஎக்ஸ்7 ட்யூப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் அதைப் பற்றியே இருபது பதிவு ஓடும், என் கேள்வி அங்கேயே நிற்கும். நாப் வரிசை: வால்யூம், ட்ரெபிள் (உச்ச ஸ்வரம்), பாஸ் (அடி ஸ்வரம்), மிடில் (நடு ஸ்வரம்), மாஸ்டர், ரிவெர்ப் (எதிரொலி). கிட்டார் ஸ்ட்ராட் வகை, கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் மூன்று, எல்லாம் சிங்கிள் காயில்.

என் பிரச்சினை இதுதான். வீடியோவில் எல்லாரும் இந்த மாதிரி ஆம்பில் ஒரு கார்டு அடித்தால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. நான் அடித்தால் தேனீக் கூட்டைத் தகர டப்பாவில் அடைத்து மூடிய மாதிரி இருக்கிறது. ட்ரெபிளைக் குறைத்தால் கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுகிற சத்தம். கூட்டினால் பல் கூசுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. இப்போது வைத்திருப்பது: வால்யூம் 7, மாஸ்டர் ஒன்றரை, ட்ரெபிள் 7, பாஸ் 8, மிடில் 3. ஒரு வீடியோவில் பார்த்து அப்படியே வைத்தேன். கூடவே விடாமல் ஒரு "ர்ர்ர்" என்ற இரைச்சல் வேறு.

இடம் நங்கநல்லூர், இரண்டாவது மாடி. கீழ்வீட்டில் ஒரு பையன் பிளஸ் டூ. ஒன்பதரைக்கு மேல் வாய் திறக்க முடியாது. ஆம்ப் சரியில்லையா, நான் சரியில்லையா?

ஆறாவதுகம்பி
புதன், காலை 8:05

மாஸ்டர் ஒன்றரை, வால்யூம் 7. கதை அங்கேயே முடிந்தது, மேலே படிக்கவே வேண்டாம் என்று நினைத்தேன்.

இந்த வகை ஆம்பில் வால்யூம் என்று எழுதியிருப்பது ப்ரீஆம்புக்குப் போகிற சிக்னலை ஏற்றுவது. மாஸ்டர், பவர் பகுதிக்கு எவ்வளவு விடுவது என்பது. நீங்கள் முன்னால் இருக்கிற குட்டி ட்யூப்களைக் கதறவிட்டு, அந்தக் கதறலை மாஸ்டரில் கழுத்தைப் பிடித்து அமுக்குகிறீர்கள். பவர் ட்யூப் தூங்குகிறது, ஸ்பீக்கர் அசையவே இல்லை. தேனீ வராமல் என்ன வரும்?

தலைகீழாக மாற்றுங்கள். மாஸ்டரை முழுசாக, 12 இருந்தால் 12. வால்யூமைச் சுழியத்தில் இருந்து மெதுவாக ஏற்றுங்கள், மெதுவாக என்றால் மெதுவாக, ஒன்று தாண்டுவதற்குள் வீடு நிறைந்துவிடும். பாஸ் 4, மிடில் 7, ட்ரெபிள் 4. அப்புறம் வந்து சொல்லுங்கள்.

வால்வுரேடியோ
புதன், காலை 10:30

திருச்சியில் இருந்து எழுதுகிறேன். கிட்டார் எனக்கு வாசிக்கத் தெரியாது, மகன் வாசிப்பான். ஆனால் முப்பது வருடம் வால்வு ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் (நீங்கள் ட்யூப் என்பதை நாங்கள் வால்வு என்போம்), அதனால் தம்பிக்கு இரண்டு வார்த்தை. உங்கள் ஆம்பில் இருக்கிற இஎல்84 அந்தக் காலத்து ரேடியோகிராமில் சாதாரணமாகப் பார்க்கிற வால்வுதான், பெங்களூர் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனியே போட்டது. 12ஏஎக்ஸ்7 என்று நீங்கள் சொல்வதை நாங்கள் இசிசி83 என்போம். பெயர்தான் வேறு.

இப்போது அந்த மூன்று டோன் நாப் விஷயம். 7 என்று வைத்தால் 7 அளவு ட்ரெபிள் "சேர்கிறது" என்று நினைக்கிறீர்கள், அது இல்லை. இந்தச் சுற்றில் இருப்பது மூன்று பொட்டென்ஷியோமீட்டர், மூன்று கண்டென்சர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். இவற்றால் எதையும் கூட்டவே முடியாது, குறைக்கத்தான் முடியும். 10ல் வைத்தால் குறைக்காமல் விட்டது என்று அர்த்தம். ஃபெண்டர் ஆம்ப் கம்பெனி பிரபலமாக்கிய இந்த அமைப்பைத்தான் பிறகு மார்ஷல் கம்பெனியும் எடுத்துக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் வந்த அவர்களுடைய ஜேடிஎம்45 ஆம்ப், ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்துச் செய்தது. மூன்றையும் நட்ட நடுவில் வைத்தால் சமமாக இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. உண்மையில் அப்போது நடு ஸ்வரங்கள் குழி விழுந்து கிடக்கும். மேலும் மூன்றும் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட மாடுகள், ஒன்று நகர்ந்தால் மற்றதும் இழுபடும். ட்ரெபிளைக் கூட்டக் கூட்ட பாஸ், மிடில் இரண்டின் பிடி தளரும். ட்ரெபிள் 7ல் இருக்கும்போது மிடிலைத் திருகி ஒன்றும் தெரியவில்லை என்றால் ஆச்சரியமில்லை.

ஃபெண்டரின் சில பழைய ஆம்புகளில் மூன்றையும் சுழியத்துக்குக் கொண்டுபோனால் சத்தமே நின்றுவிடும், ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். நாபைத் திருப்பிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன் ஒருவரை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். பின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமே என்று கை அரிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தெரிந்தவர் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

மாடிவீடு
புதன், இரவு 9:20

ஐயா, நன்றி. ஆறாவதுகம்பி, திட்டினாலும் நன்றி.

மாஸ்டர் 12, வால்யூம் ஒன்றேகால். தேனீ போய்விட்டது! கிளீன் சத்தம், அதாவது கரகரப்பு இல்லாத சத்தம், மணி மாதிரி இருக்கிறது, இவ்வளவு நாள் இது உள்ளேயே இருந்ததா என்று வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, கிளீன் மட்டும்தான். கொஞ்சம் கடித்து இழுக்கிற சத்தம், கார்டை ஓங்கி அடித்தால் லேசாக உடைகிற அந்தச் சத்தம், அதற்கு வால்யூமை 4க்காவது கொண்டுபோக வேண்டியிருக்கிறது, போனேன், அம்மா சமையலறையில் இருந்து கரண்டியோடு வந்துவிட்டார். இரண்டு, "ர்ர்ர்" அப்படியே இருக்கிறது.

ஞாயிறுகாலை
புதன், இரவு 10:15

பாளையங்கோட்டையில் சர்ச் குழுவில் எட்டு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன், இதே மாதிரி ஒரு 15 வாட் ஆம்ப்தான். தம்பி, ஒரு கேள்வி. ஆம்ப் தரையில்தானே இருக்கிறது, நீங்கள் அதற்கு ஒரு அடி முன்னால் நின்றுகொண்டுதானே கேட்கிறீர்கள்? அப்படியானால் ஆம்பைக் கேட்பது உங்கள் முழங்கால், காது இல்லை.

12 அங்குல ஸ்பீக்கரில் பாஸ் எல்லாப் பக்கமும் பரவும், ட்ரெபிள் டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் போகும். எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. நான் நிற்கிற இடத்தில் மந்தமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு வாரமும் ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். முதல் வரிசையில் உட்காருகிற பெரியம்மா ஒருவர் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து, "பிள்ள, நீ பாடும்போது நல்லாருக்கு, அந்தப் பெட்டியத்தான் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு" என்றார். அன்றைக்குத்தான் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். ஊசி. அவர் மூன்று மாதம் பொறுத்திருக்கிறார்.

ஆம்பை ஒரு ஸ்டூலில் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் முன்பக்கம் அடியில் ஒரு செங்கல் வைத்துச் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி செய்யுங்கள். மூலையில் வைக்க வேண்டாம், மூலையில் பாஸ் பொங்கும். அப்புறம் உங்கள் அறை டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்று நினைக்கிறேன். ஒரு ஜமக்காளமோ, சுவரோரமாக நிறுத்திவைத்த இலவம்பஞ்சு மெத்தையோ போதும், அந்தக் கிண்ணென்ற எதிரொலி பாதி அடங்கும்.

ஆறாவதுகம்பி
வியாழன், காலை 7:50

ஞாயிறுகாலை அக்கா சொன்னது சரி. உடைகிற சத்தத்துக்கு வருகிறேன், அதில் கணக்கு ஒன்று இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 97, 98 டெசிபல் தரும். 15 வாட் என்றால் அதோடு ஏறக்குறைய 12 கூட்டுங்கள், 110. அது ட்ரம்மரோடு வாசிக்கிற சத்தம். வீட்டில் நீங்கள் வாசிப்பது பத்தில் ஒரு வாட்கூட இருக்காது. பவர் ட்யூப் உடைவதற்குப் பத்துப் பதினைந்து வாட் தள்ள வேண்டும், அதற்குக் கீழ்வீட்டுப் பையன் ஃபெயில் ஆக வேண்டும். "5 வாட் ஆம்ப் வாங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு சத்தம்தானே" என்று யாராவது வருவார்கள், வாட் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும். 15க்கும் 5க்கும் வித்தியாசம் 5 டெசிபல்கூட முழுசாக இல்லை. 5 வாட்டும் அடுக்குமாடிக்கு ராட்சசன்தான்.

ஆகவே பெடல் வாங்குங்கள், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் காலால் மிதித்துப் போடுகிற அந்தக் குட்டிப் பெட்டி. ட்யூப் ஸ்க்ரீமர் வகையில் ஏதோ ஒன்று, டிரைவ் 2, லெவல் 7, டோன் நடுவில். முடிந்தது வேலை. ட்யூப்பைக் கதறவிட்டால்தான் டோன் என்பதெல்லாம் தனி வீடு வைத்திருப்பவர்கள் பேசுவது.

மூன்றுகார்டு
வியாழன், காலை 9:10

கனடாவில் இருந்து, ஸ்கார்பரோ. இங்கே இரவு பதினொன்றே முக்கால், ஹெட்போனில் வாசித்துவிட்டு வந்தேன், ஆகவே எனக்கும் பக்கத்து வீட்டுப் பிரச்சினை விளங்கும்.

தம்பி ஆறாவதுகம்பி, பெடல் வாங்கச் சொல்வது பிழை இல்லை, ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை காசு இல்லாதது. கிட்டாரிலேயே ஒரு வால்யூம் நாப் இருக்கிறது. எல்லாரும் அதை 10ல் வைத்து மறந்துவிடுகிறார்கள். பழைய ஃபெண்டர் சாம்ப், அந்த 5எஃப்1 சுற்று, அதில் இருந்ததே ஒரே ஒரு நாப். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஒரு ரெக்டிஃபையர் ட்யூப், எட்டு அங்குல ஸ்பீக்கர், 5 வாட் சொச்சம். ட்ரெபிள் இல்லை, பாஸ் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதை வைத்து ஸ்டூடியோவில் பெரிய பெரிய ஆட்கள் ரெக்கார்ட் செய்தார்கள், டோனை எங்கிருந்து எடுத்தார்கள்? கையில் இருந்தும் கிட்டார் நாபில் இருந்தும்தான்.

செய்து பாருங்கள். ஆம்ப் வால்யூம் 3, மாஸ்டரை 3 பக்கம் இறக்குங்கள். கிட்டார் வால்யூமை 10ல் வைத்து, ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரக்கிற இடத்தை ஆம்பில் கண்டுபிடியுங்கள். அதோடு ஆம்பைத் தொட வேண்டாம். இப்போது கிட்டாரில் 6க்கு வாருங்கள், சுத்தமாகிவிடும். 8, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மெதுவாக மீட்டினால் ஒரு சத்தம், அழுத்தி மீட்டினால் வேறு சத்தம். ஒரு சானல் ஆம்ப் மூன்று சானல் ஆகும். பிக்கப் வேறு இருக்கிறது, கழுத்துப் பக்கம் இருப்பதும் பிரிட்ஜ் பக்கம் இருப்பதும் இரண்டு வேறு கிட்டார்.

கேபிள் எத்தனை அடி? அதையும் சொல்லுங்கள்.

புதுஆள்77
வியாழன், மதியம் 1:00

ட்யூப் மாத்துங்க ப்ரோ. சீனா ட்யூப்தான் இருக்கும். ஸ்லோவாக்கியா ஜேஜே போட்டா உடனே வெண்ணெய்.

வால்வுரேடியோ
வியாழன், மாலை 4:45

வால்வு தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் வித்தியாசமே தெரியாது என்றும் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் என்ன என்று பார்ப்பதற்குள் ஊசி போடுகிற கதை இது. மாஸ்டர் ஒன்றரையில் இருக்கிற ஆம்பில் எந்த நாட்டு வால்வைப் போட்டாலும் அதே தேனீதான். ஒரு வால்வு மாற்றம் மட்டும் உண்மையாகவே காதுக்குத் தெரியும், முதல் இடத்தில் இருக்கிற 12ஏஎக்ஸ்7ஐ எடுத்துவிட்டு 5751 போடுவது. முன்னதன் பெருக்கம் 100, இது 70. வால்யூம் நாப் அவசரப்படாமல் மெதுவாக ஏறும், வீட்டில் வாசிப்பவருக்கு அது வசதி. 12ஏஒய்7 இன்னும் குறைவு, 45 பக்கம். பழைய ஃபெண்டர் டீலக்ஸ் 5இ3யில் முதல் இடத்தில் இருந்தது அதுதான். ஆனால் அதெல்லாம் பிறகு. தம்பி முதலில் காதைப் பழக்கட்டும்.

"ர்ர்ர்" பற்றி: கிட்டார் கேபிளைப் பிடுங்கினால் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் ஆம்புக்குள். நின்றால் வெளியே.

மாடிவீடு
வியாழன், இரவு 9:50

இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள், சிரிக்கக் கூடாது.

கேபிளைப் பிடுங்கினேன், "ர்ர்ர்" நின்றுவிட்டது. திரும்பச் சொருகினேன், வந்தது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அறையில் சுற்றினேன். ஜன்னல் பக்கம் திரும்பினால் குறைகிறது, கதவுப் பக்கம் திரும்பினால் கத்துகிறது. கதவுக்குப் பக்கத்தில் சுவிட்ச் போர்டு. அதில் ஃபேன் ரெகுலேட்டர், வட்டமாக வழுவழு என்று திரும்புகிற பழைய வகை. ஃபேனை 2ல் வைத்திருந்தேன். முழு வேகத்தில் வைத்தேன், இரைச்சல் முக்கால்வாசி காணாமல் போயிற்று. ஃபேனை நிறுத்தினேன், சுத்தம். ஒரு மாதமாக நான் ஆம்பைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், குற்றவாளி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது பிரச்சினை என்னவென்றால் சென்னையில் ஃபேன் இல்லாமல் எப்படி வாசிப்பது.

கேபிள் இருபது அடி, அண்ணா. ஆறு அடி அறைக்கு. அதுதான் கடையில் இருந்தது.

வால்வுரேடியோ
வியாழன், இரவு 10:30

அதே சந்தேகம்தான் எனக்கும். அந்த வகை ரெகுலேட்டருக்குள் ட்ரையாக் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கிறது. கரண்ட் அலையை நொடிக்கு நூறு முறை வெட்டி வெட்டி அனுப்பும், வெட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒரு பொறி மாதிரி இரைச்சல். சிங்கிள் காயில் பிக்கப் அதை ஏரியல் மாதிரி பிடிக்கும். டக் டக் என்று படிப்படியாகத் திரும்புகிற ரெகுலேட்டர் கிடைக்கிறது, அதற்குள் கண்டென்சர்தான், இந்தத் தொல்லை கிடையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பத்து நிமிட வேலை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இரைச்சல் வரலாம். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் கட்டாயம் வரும், அப்போது ஆம்பை அணைத்துவிடுங்கள்.

யாராவது எர்த் பின்னை உடைத்துவிடு, ஹம் (இரைச்சல்) போய்விடும் என்று சொல்வார்கள். கிட்டார் கம்பி அந்த எர்த்தோடுதான் சேர்ந்திருக்கிறது, உங்கள் விரல் அந்தக் கம்பியில். புரிந்ததா?

மூன்றுகார்டு
வெள்ளி, காலை 6:30

இருபது அடி! கேபிளும் ஒரு குட்டிக் கண்டென்சர் மாதிரிதான், ஒவ்வோர் அடிக்கும் சராசரியாக 30 பிகோஃபாரட் வைத்துக்கொள்ளுங்கள், இருபது அடிக்கு 600. அது கிட்டாரில் இருந்து கிளம்புகிற உச்ச ட்ரெபிளைத் தின்னும், அதுவும் கிட்டார் வால்யூமைக் குறைக்கும்போது இன்னும் அதிகமாகத் தின்னும். நான் சொன்ன மாதிரி 6க்குக் குறைத்தால் உங்களுக்குக் கம்பளி சத்தம் வந்திருக்குமே? பத்து அடி கேபிள் ஒன்று வாங்குங்கள். பெடலுக்கு வைத்த காசில் சின்னத் துண்டு போதும்.

ஞாயிறுகாலை
வெள்ளி, மதியம் 2:10

எல்லாரும் எண் சொல்கிறோம், எண்ணில்தான் தம்பி முதலிலேயே மாட்டிக்கொண்டார். நான் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதத்தை எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் நாப்களைச் சுற்றி எண் இருக்கிற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். உண்மையாகவே ஒட்டுங்கள். 7 என்று பார்த்தால் மனசு 7ஐக் கேட்கும், சத்தத்தைக் கேட்காது. நாபில் இருக்கிற கோடு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டாம், ஆம்புக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டுங்கள், காது ஸ்பீக்கருக்கு நேராக இருக்கட்டும்.

ரிவெர்ப் சுழியம். சிலருக்கு இதுவே கஷ்டம், ரிவெர்ப் இல்லாமல் வாசிப்பது மேக்கப் இல்லாமல் போட்டோ எடுப்பது மாதிரி. இருந்தாலும் சுழியம். பாஸும் ட்ரெபிளும் முழுக்கக் கீழே, மிடில் முழுக்க மேலே. அந்தச் சத்தம் அசிங்கமாக இருக்கும், பழைய டெலிபோன் மாதிரி. பரவாயில்லை, இந்த ஆம்பில் சமமான சத்தம் என்று ஒன்று இருந்தால் அது இதற்குப் பக்கத்தில்தான். உங்கள் கிட்டார் உண்மையில் எப்படிப் பேசுகிறது என்று அதில்தான் கேட்கும்.

இப்போது வால்யூமை நீங்கள் வழக்கமாக வாசிக்கப்போகிற சத்தத்துக்கு வையுங்கள். இதைப் பிறகு மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும், அதனால் முதலிலேயே. தடித்த இ கம்பியை மட்டும் திறந்து மீட்டுங்கள். பாஸை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் ஒன்றும் இருக்காது, அப்புறம் கம்பிக்குச் சதை வரும், "தொம்" என்று உட்காரும். இன்னும் ஏற்றினால் தொளதொள என்று ஆகும், ஜன்னல் கண்ணாடி கூடச் சேர்ந்து பாடும். தொம்முக்கும் தொளதொளவுக்கும் நடுவில், தொம் பக்கமாக நிறுத்துங்கள். பிறகு இ மேஜர் கார்டு முழுசாக அடித்து, ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா பாருங்கள். அடிக் கம்பி மற்றவற்றை மூடினால் பாஸ் இன்னும் கொஞ்சம் கீழே.

ட்ரெபிள் கடைசி. பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றுங்கள், ஏனென்றால் அதுதான் குத்தும். அந்தப் பிக்கப் எரிச்சல் தராத இடம் வரை ஏற்றி, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். அதன் பிறகு கழுத்துப் பிக்கப் மந்தமாகத் தெரிந்தால் ஆம்பைத் தொடாதீர்கள், கிட்டார் டோன் நாப் அதற்குத்தான். எல்லாம் முடிந்த பிறகு மிடிலைக் கீழே கொண்டுவந்து, எவ்வளவு குறைத்தால் பிடிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் குறைப்பீர்கள்.

பத்து நிமிடம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். காது எதற்கும் பழகிவிடும், கூசுகிற சத்தத்துக்கும்கூட. திரும்ப வந்து அடிக்கிற முதல் கார்டு சொல்வதுதான் உண்மை.

ஆறாவதுகம்பி
வெள்ளி, மாலை 6:00

அக்காவுக்கு ஒரு சல்யூட். பெடல் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். இப்படி வைத்து முடித்த ஆம்புக்கு முன்னால் பெடல் போட்டால் பெடலும் நன்றாக இருக்கும். ட்யூப் ஸ்க்ரீமர் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவாகக் குறைத்துக்கொண்டு போகும், அதனால் பாஸ் பொங்குகிற ஆம்புக்கு அது மருந்து. ஏற்கெனவே ஒல்லியாக வைத்த ஆம்புக்கு விஷம்.

மாடிவீடு
ஞாயிறு, மாலை 5:15

அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

வெள்ளி இரவு ரெகுலேட்டரை மாற்றியாயிற்று. சனி காலை டேப் ஒட்டினேன், ஆம்பை ஸ்டூலில் ஏற்றினேன், அக்கா சொன்னபடியே ஒரு மணி நேரம். நண்பனிடம் பத்து அடி கேபிள் கடன் வாங்கினேன். அந்தக் கேபிள் வித்தியாசம் நான் நம்பாமல்தான் செய்தேன், கிட்டார் வால்யூம் 6ல் இப்போது கம்பளி இல்லை. கிட்டார் 10ல் லேசான கரகரப்பு, 7ல் மணி. அம்மா ஒரு முறை எட்டிப் பார்த்தார், கரண்டி இல்லாமல்.

டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். ட்ரெபிள் மூன்றரை. பாஸ் நான்குக்குக் கொஞ்சம் மேலே. மிடில் 9! நான் முதலில் 3ல் வைத்திருந்தேன். வால்யூம் 3, மாஸ்டர் இரண்டரை.

சரி, ஜெயித்துவிட்டோம் என்று இன்று காலை அதே இடத்தில் எல்லா நாபையும் வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, வேளச்சேரியில் நண்பர்கள் பயிற்சி செய்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாஸ்டரை மட்டும் ஏற்றினேன். பாஸ் மேகம் மாதிரி வந்து மூடிக்கொண்டது. பாஸ் கிட்டார் வாசிப்பவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஏன்? நாப் அதே இடம்தானே?

ஆறாவதுகம்பி
ஞாயிறு, மாலை 6:40

நாப் அதே இடம், காது வேறு இடம். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடி ஸ்வரமும் உச்ச ஸ்வரமும் சரியாகக் கேட்காது. 1933லேயே பெல் லேப்ஸில் ஃப்ளெட்சர், மன்சன் என்று இரண்டு பேர் அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் மெல்லிசாக வாசிக்கும்போது சரி என்று தோன்றிய பாஸ், சத்தம் ஏறியதும் இரட்டிப்பாகத் தெரியும். போதாததற்கு மாஸ்டரை ஏற்றினால் பவர் ட்யூப்பும் சேர்ந்து உடைய ஆரம்பிக்கும், அதுவும் பாஸை இன்னும் தளர்த்தும். பாண்டோடு போகும்போது பாஸ் 2, இரண்டரை. அந்த இடத்தை எடுத்துக்கொள்ள பாஸ் கிட்டார்காரன் இருக்கிறான், அவன் பார்த்த பார்வை அதுதான். தனியாகக் கேட்டால் உங்கள் சத்தம் ஒல்லியாகத் தெரியும், சேர்ந்து வாசித்தால் சரியாக உட்காரும். மிடில் 9 அப்படியே இருக்கட்டும், ட்ரம்ஸுக்கு நடுவில் கிட்டார் கேட்பது அதனால்தான்.

ஞாயிறுகாலை
ஞாயிறு, இரவு 8:05

சர்ச்சில் நான் அந்த 2ல்தான் வைத்திருக்கிறேன். மைக் வைத்து எடுத்தால் இன்னொரு கதை. ஸ்பீக்கரின் நட்ட நடுவில் மைக்கைப் பிடித்தால் ஊசி, ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த வட்டமாகும். இரண்டு விரல் நகர்த்துவது ட்ரெபிள் நாபைத் திருப்புவதைவிடப் பெரிய மாற்றம். அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

புதுஆள்77
ஞாயிறு, இரவு 9:00

இழைக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி. அண்ணன் அமெரிக்காவில் இருந்து வரும்போது 5 வாட் ஆம்ப் ஒன்று கொண்டுவரேன் என்கிறான். பிளக் மட்டும் மாத்தினால் போதுமா?

மூன்றுகார்டு
திங்கள், காலை 7:20

போதாது!! என் மச்சானுக்கு யாழ்ப்பாணத்துக்கு ஒன்று கொண்டுபோனேன். இங்கே 120 வோல்ட், அங்கே 230. பெட்டியில் இருந்து எடுத்த சந்தோஷத்தில் அவன் அடாப்டர் போட்டுச் சொருகிவிட்டான். "டப்" என்று ஒரு சத்தம், நல்ல காலம் ஃப்யூஸ் மட்டும்தான் போனது. அதன்பிறகு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினோம். அதையும் கவனியுங்கள், அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர 60 ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கு மட்டும் செய்த பவர் டிரான்ஸ்பார்மர் 50ல் ஓடினால் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். பின்பக்கம் 50/60 என்று போட்டிருக்கிறதா என்று அண்ணனைக் கடையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் 230க்கு மாற்றிக்கொள்ள உள்ளேயே வசதி இருக்கும், அது கிடைத்தால் நல்லது.

மாடிவீடு, அடுத்த பயிற்சி எப்போது?

மாடிவீடு
திங்கள், காலை 8:00

வரும் ஞாயிறு. பாஸ் இரண்டேகால், மிடில் 9, ட்ரெபிளை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். டேப் எடுத்துக்கொண்டு போகிறேன். கேபிளை நண்பன் திருப்பிக் கேட்டுவிட்டான், இன்று மாலை ரிச்சி ஸ்ட்ரீட் போய் இரண்டு ஜாக்கும் ஒயரும் வாங்கி நானே ஒட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஐயா, ஷீல்டு ஒயரில் எந்தப் பக்கம் எது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

வால்வுரேடியோ
திங்கள், காலை 9:15

நடுக் கம்பி ஜாக்கின் நுனிக்கு, சுற்றியிருக்கும் வலை உடம்புக்கு. இரண்டு பக்கமும் அப்படியே. ஒட்டுவதற்கு முன்னால் ஜாக்கின் மூடியை ஒயரில் கோத்துவிடுங்கள் தம்பி, எல்லாரும் மறப்பது அதைத்தான்.